கூடவே வந்தவர்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் மாப்பிள்ளை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதைப் படித்தவர்களுக்கு இன்னும் அவன்மேல் கோபம் மிச்சமிருக்கும். இருக்கட்டும், அவனுக்கே அவன்மேல் கோபம்தான். படிக்காமல் விட்டவர்களுக்காக மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளை ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் பகுதியைப் பார்த்துக்கொள்பவன். கடையில் அவனுக்குத் துடைப்பம் என்று பேர். புதுக் கம்ப்யூட்டர் எது வந்தாலும், அட்டைப்பெட்டியைப் பிரித்த கையோடு, தயாரித்த கம்பெனிக்காரன் உள்ளே ஏற்றி அனுப்பியிருக்கும் சாப்ட்வேர்களை எல்லாம் பெருக்கித் தள்ளிவிடுவான். கொஞ்ச நாள் இலவசம் என்று குழைந்துவிட்டு அப்புறம் கழுத்தைப் பிடிக்கும் வைரஸ் தடுப்பு, யாரும் கேட்காத வானிலை, யாரும் ஆடாத சீட்டாட்டம் என்று எதுவும் தப்பாது.

"ஆபரேட்டிங் சிஸ்டம்தான் சார் கம்ப்யூட்டர். மத்ததெல்லாம் கூடவே ஒட்டிக்கிட்டு வந்தது" என்பான். வாங்க வந்தவர்கள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். அதில் அவனுக்கு ஒரு தனி சந்தோஷம்.

இந்தப் பேச்சைக் கடையோடு நிறுத்தியிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை. போன ஞாயிறு கடை நண்பர்கள் இரண்டு பேர் டீ குடிக்க வீட்டுக்கு வந்தார்கள். உள்ளறையில் யாரோ இருமுகிற சத்தம் கேட்டு, "யாருப்பா உள்ள?" என்று ஒருவன் கேட்டான்.

"மாமனார். கல்யாணத்தப்பவே கூட வந்த சாப்ட்வேர். அன்இன்ஸ்டால் பண்ண வழி இல்ல."

மூன்று பேரும் சிரித்தார்கள். சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததால் மனைவிக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் உள்ளறையிலிருந்து கூடத்தை நோக்கி வந்துகொண்டிருந்த கைத்தடியின் 'டொக் டொக்' திரைச்சீலைக்குப் பின்னால் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

அதோடு போன வாரம் முடிந்தது. இந்த வாரம் அதைவிட மோசம்.

---

மாமனார் ஒரு காலத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். பக்கத்து இருக்கையில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, பாதி ஊருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவர் போடுகிற சத்தத்துக்குத் தெருநாய்கூட ஒதுங்கி நிற்கும் என்பார்கள். போன வருஷம் பக்கவாதம் வந்தது. காலில் பாதித் தெம்பு திரும்பியது. வலது கை திரும்பவில்லை. பேச்சு திரும்பிய மாதிரியும் இருந்தது, திரும்பாத மாதிரியும் இருந்தது. வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசுவது போல வரும். வீட்டில் எல்லோரும் முதலில் "என்னப்பா? என்னப்பா?" என்று குனிந்து கேட்டார்கள். அப்புறம் புரிந்த மாதிரி தலையாட்டினார்கள். அப்புறம் அவரே குறைத்துக்கொண்டார்.

அவருடைய முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் மாப்பிள்ளை அந்த வாரத்தை ஓட்டினான். சாப்பாட்டுத் தட்டை முதலில் அவர் பக்கம் நகர்த்தினான். டிவி ரிமோட்டை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தான். மன்னிப்புக் கேட்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தான்.

சனிக்கிழமை மனைவி அப்பாவை உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தபோதுதான் அவனுக்கு அந்த யோசனை உதித்தது. அவருடைய கட்டிலில் லேப்டாப் இருந்தது. சின்னப் பெண், அதாவது மாப்பிள்ளையின் மச்சினி, சில மாதம் முன்னால் அப்பாவுக்கு வாங்கிக்கொடுத்தது. அவள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். அத்தானிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளே வாங்கி அவளே எல்லாவற்றையும் செட் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போனதில் அவனுக்கு லேசாக மனத்தாங்கல்கூட உண்டு.

திறந்து பார்த்தான். பெட்டி ஆமையாக நகர்ந்தது. நகராதா பின்னே? துடைப்பம் படாத பெட்டி ஆயிற்றே!

மாமாவுக்குத் தெரியாமல் புதுசு போல ஆக்கி வைத்துவிட்டால்? வந்து திறப்பார், பளிச்சென்று ஓடும், மாப்பிள்ளை செய்தது என்று தெரியும், அந்த அன்இன்ஸ்டால் பேச்சு கொஞ்சமாவது அழியும். பென் டிரைவைச் செருகினான். எப்போதும் செய்வது போல டாக்குமெண்ட்ஸ், போட்டோ, முகப்பில் கிடந்தவை என்று மூன்று இடத்திலிருந்தும் இருந்ததை எடுத்து வைத்துக்கொண்டான். பெரிதாக ஒன்றும் இல்லை. இத்தனை மாதம் ஒரு மனிதன் தினமும் உட்கார்ந்த பெட்டியில் ஒன்றுமே இல்லையே என்று அப்போது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

மூலையில் பச்சைக் கிளிப் படம் போட்ட ஏதோ ஒன்று இருந்தது. கம்பெனிக்காரன் போட்டு அனுப்பியது. "கிளி வேற!" என்று சிரித்துக்கொண்டே மொத்த டிஸ்க்கையும் அழித்து, வெறும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை மட்டும் புதிதாக ஏற்றினான். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினான், பாவி.

---

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சினி பையைத் தோளிலிருந்து இறக்காமலே உள்ளறைக்கு ஓடினாள். சாயங்காலம் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிற பையனும் அவன் அம்மாவும் வருகிறார்கள். வீட்டில் நாற்காலிகள் எல்லாம் இடம் மாறியிருந்தன.

"அப்பா, கிளி ரெடியா?"

மாமனார் சிரித்தார். இடது கையால் லேப்டாப்பைத் திறந்தார். சிரிப்பு அப்படியே நின்றது. இங்கே தொட்டார், அங்கே தொட்டார். மகளைப் பார்த்தார்.

"அத்தான், கிளி எங்க?"

மாப்பிள்ளை டீ டம்ளரோடு வாசற்படியில் வந்து நின்றான். இந்தத் தருணத்துக்காகத்தானே காலையிலிருந்து காத்திருந்தான்.

"எந்தக் கிளி?"

"இதுல இருந்துச்சே, பச்சைக் கிளி."

"அதுவா? கம்பெனிக்காரன் கூட அனுப்பின குப்பை. நேத்து எல்லாத்தையும் எடுத்துட்டேன். இப்ப பாரு, தொட்டா தொட்ட இடத்துல ஓடும்."

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தான்... அதுலதான் அப்பா பேசிட்டிருந்தார்."

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அந்தக் கிளி, பேசினால் எழுதுகிற சாப்ட்வேர். எழுதியதைத் திருப்பிச் சத்தமாகப் படிக்கவும் செய்யும். மாமனார் பேசியது முதலில் அதற்கும் புரியவில்லை. தண்ணி என்றால் பன்னி என்று எழுதியது. ஆனால் தப்பைத் திருத்தினால் அது கற்றுக்கொள்ளும். மச்சினி லீவில் வந்தபோது கூட உட்கார்ந்து முதல் நாலைந்து சொல்லை மட்டும் திருத்திக் காட்டினாள். அவள் போன பிறகு அவரே, உள்ளறையில் யாரும் இல்லாத மத்தியானங்களில், ஒவ்வொரு சொல்லாக, இடது கை ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் திருத்தினார். கிளி அவருடைய நாக்கைப் படித்துக்கொண்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த முணுமுணுப்பை மாப்பிள்ளையும் கேட்டிருக்கிறான். வயசானால் இப்படித்தான் தனக்குத்தானே பேசுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தான். டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே மனைவி வந்தாள்.

"என்னாச்சு?"

"அக்கா, அத்தான் கிளியை அழிச்சிட்டார்."

"கிளியா? நீ போன்ல சொன்னியே, அப்பா பேசுறதை எழுதுதுன்னு... நான் என்னமோ விளையாட்டுச் சாமான்னு நினைச்சேன்டி."

"இன்னைக்கு அவங்ககிட்ட அப்பாவே பேசப் போறேன்னு சொல்லியிருந்தார். என்ன பேசப் போறார்னு எனக்கே காட்டல." அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். "பையனோட அம்மா போன்ல ரெண்டு தடவை கேட்டுட்டாங்கக்கா, கல்யாணத்துக்கு அப்புறம் அப்பா யார்கூட இருப்பார்னு. நான் பதில் சொல்லக்கூடாதாம், நீயும் சொல்லக்கூடாதாம். என்னைப் பத்தின கேள்விக்கு நான்தான் பதில் சொல்வேன்னார். அதுக்குத்தான் கிளி."

மறுபடி மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"பேக்கப் எடுத்தீங்களா அத்தான்?"

கடையில் தினமும் அழுகிற முகத்தோடு வருகிறவர்களிடம் அவன் கேட்கிற கேள்வி அது. கேட்டுவிட்டு, பதில் தெரிந்தும், புருவத்தைத் தூக்குவான். அதே கேள்வியை இப்போது அவனிடம் கேட்டவள் புருவத்தைக்கூடத் தூக்கவில்லை.

"எடுத்தேன். ஆனா அது... தான் கத்துக்கிட்டதையெல்லாம் தனக்குள்ளயே வச்சிருக்கும். நான் அங்க பாக்கல."

"திரும்ப எடுக்க முடியாதா?"

"முடியாது."

முடியாது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். திரும்ப எடுக்க முடியாதபடி அழிப்பதுதான் அவன் தொழில் சுத்தம். நின்ற இடத்திலேயே பூமி பிளந்து விழுங்காதா என்று இருந்தது.

மாமனார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ சொன்னார். உதடு ஒருதரம் சேர்ந்தது, வாய் அகலத் திறந்தது, கடைசி எழுத்து தொண்டையிலேயே போய்விட்டது.

"தண்ணியாப்பா?" என்றாள் மனைவி.

இல்லை என்று தலையாட்டினார். மறுபடியும் அதையே சொன்னார். மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். என்ன திட்டினாலும் தகும் என்று நினைத்தான்.

---

கிளியை மறுபடி கொண்டுவருவது சுலபமாகத்தான் இருந்தது. கம்பெனியின் இணையதளத்திலிருந்து இறக்கினான். பச்சைக் கிளி சிறகை விரித்துக்கொண்டு வந்து நின்று, இனிமையான குரலில் சொன்னது:

"வணக்கம்! நாம் இப்போதுதான் முதன்முதலாகச் சந்திக்கிறோம்."

மாமனார் சிரித்தாரா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு மைக்கின் பக்கம் குனிந்து ஒரு முழு வாக்கியம் பேசினார். கிளி யோசித்து யோசித்து எழுதியது: 'மழை வாழை மாடு பேருந்து.'

மச்சினி எழுந்து வெளியே போய்விட்டாள். மனைவி ஒன்றும் சொல்லாமல் அவள் பின்னால் போனாள். போகும்போது கணவனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. 'உங்களுக்கு எதுக்கு இந்த வேலை' என்ற அலுப்புதான் இருந்தது. கோபமாக இருந்தாலாவது பரவாயில்லை என்று பட்டது அவனுக்கு.

நாற்காலியை இழுத்துப்போட்டு மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமா, சொல்லுங்க. நான் திருத்தறேன்."

திருத்த வேண்டுமென்றால் அவர் என்ன சொன்னார் என்று முதலில் அவனுக்குப் புரியவேண்டுமே! அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நாளில் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தையாவது முழுசாகக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறோமா? கேட்டதில்லை. 'ம்' கொட்டியிருக்கிறான். 'சரி மாமா' என்றிருக்கிறான். எதற்குச் சரி என்று அவனுக்கே தெரியாது.

அவர் ஜன்னலைக் காட்டி ஒன்று சொன்னார். அவன் "ஜன்னல்?" என்றான். இல்லை. "வெளிச்சம்?" இல்லை. "திரை?" தலையாட்டினார். திரை என்று தட்டினான். அவர் மறுபடி சொன்னார், அவன் மறுபடி கேட்டான். 'ர' வரவேண்டிய இடத்தில் அவருக்குக் காற்று மட்டும்தான் வருகிறது என்று பிடிபட்டது.

அடுத்து டம்ளர், அடுத்து செருப்பு, அடுத்து கிளட்ச். கிளட்ச் மட்டும் கிட்டத்தட்ட சரியாக வந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த வேகத்தில் மாப்பிள்ளைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து சார்ஜர் ஒயரைச் சரிசெய்வது போல ஒப்பேற்றினான்.

கடைசி எழுத்தை அவர் விழுங்கிவிடுகிறார். உதடு சேர்ந்தால் 'ப', 'ம', இரண்டில் ஒன்று. அவசரப்பட்டால் எல்லாம் குழம்பும், பொறுத்தால் வரும். ஒரு கட்டத்தில் அவன் லேப்டாப் திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நடுவில் ஒருமுறை அவன் தப்பாகத் தட்டிவிட்டு, "சாரி மாமா" என்றான். அவர் காலையில் சொன்ன அதே சொல்லைச் சொன்னார். உதடு சேர்ந்தது. காற்று வந்தது. வாய் திறந்தது. கடைசி எழுத்து உள்ளே போயிற்று.

பரவாயில்ல.

காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கிளி போய்விட்டது என்று தெரிந்த நிமிஷமே அவர் சொன்னது அதைத்தான். அவர் அவனை மன்னித்திருக்கிறார், அவனுக்கு மன்னிப்பைக்கூடக் காதில் வாங்கத் தெரியவில்லை.

"மாமா..." என்று ஆரம்பித்தான். போன ஞாயிறு, திரைச்சீலை, டீ, சிரிப்பு எல்லாம் தொண்டைவரை வந்தது. அதற்குள் கூடத்தில் நாற்காலி நகரும் சத்தமும், "அக்கா, பிஸ்கெட் தட்டு எங்க?" என்ற குரலும் கேட்டன. வந்தது அப்படியே உள்ளே போய்விட்டது. கோழைகளுக்கு இந்த மாதிரி சத்தங்கள் எப்போதும் சரியான நேரத்தில் கேட்கும்.

கிளி அதற்குள் ஒன்றும் பெரிதாகக் கற்றுவிடவில்லை. பத்துச் சொல் பேசினால் மூன்று தேறியது. ஆனால் மாப்பிள்ளைக்கு இப்போது பத்தும் புரிந்தது.

"மாமா, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். நீங்க சொல்லுங்க, நான் அவங்களுக்குச் சொல்றேன். என்ன சொல்லப் போறீங்கன்னு இப்பவே சொன்னீங்கன்னா பழகிக்கலாம்."

மாமனார் யோசித்தார். அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேண்டாம் என்று தலையாட்டினார்.

---

பையன் நிலம் அளக்கிற சர்வேயர். நாற்காலியில் உட்காரும்போதே சுவருக்குச் சுவர் அளந்துவிடுவது போலப் பார்த்தான். நல்ல பையன்தான், தொழில் பழக்கம். அவன் அம்மா தையல்கடை வைத்திருப்பவர். மனசில் ஒன்றும் கிடையாது, ஆனால் எதையும் பொத்தி வைத்துப் பேசத் தெரியாது. மாமனாரைப் பார்த்ததும் கிணற்றுக்குள் கூப்பிடுவது போலக் கத்தினார்:

"ஐயா! நல்லா இருக்கீங்களா?"

"காது நல்லா கேக்குங்க" என்றான் மாப்பிள்ளை. "பேசறதுதான் கொஞ்சம் சிரமம். அவர் சொன்னா நான் சொல்றேன்."

மனைவி ஆச்சரியமாக அவனைப் பார்த்தாள். காலையில் இருந்த அலுப்பு அவள் முகத்தில் கொஞ்சம் இளகியிருந்தது. அவனுக்கு அது போதும் போல இருந்தது.

டீ வந்தது. பிஸ்கெட் வந்தது. பையன் வீட்டைப் பற்றி, வேலையைப் பற்றிப் பேச்சு ஓடியது. பையனின் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா எப்பவும் உங்ககூடத்தான் இருப்பார் இல்ல? கேட்டு வச்சுக்கிட்டா நல்லதுன்னு கேக்கறேன்."

மனைவி வாயைத் திறப்பதற்குள் மாமனார் இடது கையைத் தூக்கினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

பேச ஆரம்பித்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைத்து, அவசரமே இல்லாமல் பேசினார். மற்றவர்களுக்கு அது புகை மூட்டம். மாப்பிள்ளைக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

முடித்துவிட்டு அவர் அவனைப் பார்த்தார். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"என்ன சொல்றார்?" என்றாள் மனைவி.

"வந்து... பொண்ணை நல்லா பாத்துக்கச் சொல்றார். ரொம்ப சந்தோஷம்னு சொல்றார்."

பையனின் அம்மா மலர்ந்தார். மச்சினி மலரவில்லை.

"அத்தான், அப்பா அவ்வளவு நேரம் பேசினார்."

மாமனார் இல்லை என்று தலையாட்டினார். கோபப்படவில்லை. முதல்நாள் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவன் வண்டியைக் குலுக்கி நிறுத்திவிட்டால் பக்கத்து இருக்கையில் எப்படி உட்கார்ந்திருப்பாரோ, அப்படி உட்கார்ந்திருந்தார். திரும்ப ஸ்டார்ட் பண்ணு என்பது போல இடது கையை லேசாக அசைத்தார். பிறகு முதலிலிருந்து மறுபடி சொன்னார், முன்னைவிட மெதுவாக.

இங்கே வேறு யாருக்கும் புரியாது. இதை மாற்றிச் சொன்னால் கேட்க நாதியில்லை. நேற்று அவருடைய பெட்டியைத் துடைத்தது போல இன்று அவருடைய பேச்சையும் துடைத்துவிடலாம். அந்த நினைப்பு வந்த நொடியில் மாப்பிள்ளைக்குத் தன்னைப் பார்த்தே அருவருப்பாக இருந்தது.

மாமனார் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று அவனே சற்று முன்னால் சொன்னான்.

"சொல்றேன்" என்றான். குரல் அவனுடையது போலவே இல்லை. "அவர் சொல்றதை அப்படியே சொல்றேன்."

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"என் பொண்ணு தனியாத்தான் உங்க வீட்டுக்கு வருவா. அவகூட நான் வரமாட்டேன். கவலைப்படாதீங்க."

மாமனார் 'ம்' என்றார்.

"கல்யாணத்தோட கூடவே ஒட்டிக்கிட்டு வந்தவன்னு ஒரு வீட்டுல பேர் வாங்கியாச்சு. எடுத்துப் போட வழி இல்லாதவன்னும் பேர் வாங்கியாச்சு. இன்னொரு வீட்டுல அந்தப் பேர் எனக்கு வேண்டாம்."

'ம்.'

"இங்கயும் ரொம்ப நாள் இருக்கப் போறதில்ல. என் பழைய டிரைவிங் ஸ்கூல் மாடியில ஒரு ரூம் காலியா இருக்கு. அதை இப்ப நடத்தறவருக்கு எழுதிக் கேட்டேன். வரச் சொல்லிட்டார். பொண்ணு கல்யாணம் முடிஞ்சதும் அங்க போயிடுவேன்."

அதுதான் கிளி எழுதிய கடைசிக் கடிதம் போலிருக்கிறது. திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து திரும்பிப் போன கைத்தடி நேராக லேப்டாப்பிடம்தான் போயிருக்கிறது.

சர்வேயர் பையன் தொண்டையைச் செருமினான்.

"ஐயா, எங்க வீட்டுக்கு வந்தா எங்களுக்கு ஒண்ணும்..." என்று ஆரம்பித்து, அம்மாவைப் பார்த்துவிட்டு, "வரலாம்மா, இல்ல?" என்றான்.

அவன் அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. அவருக்கு மனசு ஆறவில்லை.

"அது கிடக்கட்டும். பெத்தவரைப் போய் ஒட்டிக்கிட்டு வந்தவர்னு யாருங்க சொன்னது? அப்படியும் ஒரு வாய் இருக்குமா?"

கேட்டது பொதுவாகத்தான். மாப்பிள்ளைக்கு முகம் காதுவரை எரிந்தது. டம்ளரை எடுத்தான், காலி டம்ளர், திரும்ப வைத்தான்.

மனைவி முதலில் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கணவனைப் பார்த்தாள். 'கூடவே ஒட்டிக்கிட்டு வந்தது' என்ற பேச்சை அவள் எத்தனை தரம் கேட்டிருப்பாள்! சாப்பிடும்போது, கடைக்கதை சொல்லும்போது, போனில். அவள் முகத்தில் அது மெல்ல மெல்ல ஏறுவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னங்க" என்றாள். "யாரு சொன்னது?"

"நான்..."

"இருங்க." அவள் குரலை உயர்த்தவே இல்லை. பிஸ்கெட் தட்டை எடுத்துப் பையனின் அம்மா பக்கம் நீட்டினாள், சிரித்துக்கொண்டே. "எடுத்துக்கோங்கம்மா." அந்தச் சிரிப்பு மாறாமலே, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அவங்க போகட்டும்."

மாப்பிள்ளை மாமனாரின் வாயைப் பார்த்தான். ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்துப் பழகிய வாய். உதடு சேரும், காற்று வரும், வாய் திறக்கும், கடைசி எழுத்து உள்ளே போகும் என்று காத்திருந்தான். இப்போது சொன்னால் இந்த வீட்டில் அவன் ஒருவனுக்காவது புரியும்.

மாமனார் தனக்கு முன்னால் இருந்த பிஸ்கெட்டை எடுத்து டீயில் நனைத்தார். காலையிலிருந்து அத்தனை தரம் சொன்ன அந்த ஒரு சொல்லை இப்போது அவர் சொல்லவில்லை.